பெயரை மூடிவிட்டுப் பார்க்கச் சொன்னார்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், நான்கு புறமும் மக்காச்சோளக் கொல்லைகள் சூழ்ந்த ஒரு சிற்றூரில் நாங்கள் பல ஆண்டுகளாகக் குடியிருக்கிறோம். எங்கள் அண்டை வீட்டில் எண்பத்தாறு வயது மூதாட்டி ஒருவர் தனியாக வாழ்ந்துவந்தார். கணவரின் மறைவுக்குப் பின் வீட்டை விற்றுவிட்டு முதியோர் இல்லத்துக்குச் செல்வதென முடிவெடுத்த அவர், ஒரு சனிக்கிழமை காலை என்னை அழைத்து, படுக்கையறைத் துணி அலமாரியின் மேல்தட்டிலிருந்த ஒரு நீண்ட மூட்டையைக் காட்டினார். பழைய கம்பளித் துணியில் சுற்றியிருந்தது அவருடைய தந்தையாரின் இரட்டைக் குழல் துப்பாக்கி. நான் இயந்திரப் பொறியாளன் என்பதும், என் கராஜில் வெர்னியரும் மைக்ரோமீட்டரும் இருக்கின்றன என்பதும் அவருக்குத் தெரியும். இது யார் செய்தது, என்ன விலை பெறும், மினசோட்டாவில் இருக்கும் பேரனிடம் நம்பிக் கொடுக்கலாமா என்னும் மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும் என்றார். அந்த மூன்று விடைகளையும் தேடி முடிக்க எனக்கு ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ஆயின. இடையில் நான் செய்த பிழைகளை வேறு யாரும் செய்யக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். துப்பாக்கி காலியாகத்தான் இருக்கிறது என்றும், தம் கணவர் அதை ஒருநாளும் எடுத்ததில்லை என்றும் அவர் உறுதியாகச் சொன்னார். அந்தச் சொல்லை நம்பாமல் குழல்களைச் சுவரின் கீழ்மூலை நோக்கித் திருப்பி, விசைகளின் பக்கம் விரலே போகாதபடி பிடித்துக்கொண்டு, மேல் நெம்பை அழுத்தினேன். துரு ஏறியிருந்த நெம்பு இரண்டாம் முயற்சியில்தான் நகர்ந்தது. குழல்கள் மடிந்து திறந்தபோது, பின்வாயில் இரண்டு பித்தளை வட்டங்கள் பச்சைக் களிம்பு ஏறி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. இரண்டு குழல்களிலும் தோட்டா இருந்தது. அந்த அலமாரிக்குக் கீழே நின்று பல்லாண்டுகளாகத் துணி மடித்து வைத்தவர் அருகிலிருந்த நாற்காலியில் மெல்ல அமர்ந்தார்.

இடப்பக்கத் தோட்டா நகத்தால் நெம்பியதும் வந்துவிட்டது. அது இப்போதைய ஞெகிழித் தோட்டா அல்ல, மெழுகேற்றிய காகிதக் கூட்டுத் தோட்டா. வாயை உள்ளே சுருட்டி மூடி, நடுவில் வட்ட அட்டை ஒன்றை வைத்திருந்தார்கள். அட்டையில் அச்சிட்டிருந்த எழுத்துகளில் ரவையின் அளவைக் குறிக்கும் 6 என்ற எண் மட்டும் படிக்கும்படி மிஞ்சியிருந்தது. வலப்பக்கத் தோட்டாவின் காகிதம் ஈரத்தில் ஊதி, குழலோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அதை வாய்ப்பக்கத்திலிருந்து கம்பியால் தள்ளும் எண்ணத்தை அடக்கிக்கொண்டேன். முன்கைக் கட்டையைக் கழற்றி, குழல் தொகுதியைத் தனியே பிரித்து, அந்த நிலையிலேயே துப்பாக்கி பழுது பார்க்கும் கம்மியரிடம் எடுத்துச் சென்றேன். பிரித்த குழலில் தோட்டாவை அடிக்கும் ஊசி இல்லையாதலால், எடுத்துச் செல்ல அதுவே பாதுகாப்பான வழி. பழைய வீட்டில் கிடைக்கும் எந்தத் துப்பாக்கியையும், உரிமையாளர் என்ன சொன்னாலும், நிரப்பப்பட்டதாகவே கருதித் தொடுங்கள்.

இனி என் பிழைகளைச் சொல்கிறேன். துப்பாக்கியின் இரு பக்கத் தகடுகளிலும், தேய்ந்த பூ வேலைப்பாடுகளுக்கு நடுவே ‘ரெவ்-ஓ-நாக்’ என்னும் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. நம் ஊரில் குதிரை என்று சொல்லும் வெளிச் சுத்தியல்கள் இரண்டும், காதுகளை மடக்கிய முயல் போல, குழலின் இருபுறமும் படிந்திருந்தன. பழமையான தோற்றமும் கேட்டறியாத பெயரும் சேர்ந்து என்னை மயக்கின. அன்றிரவு தேடியதில் அப்படியொரு தொழிற்சாலை இருந்ததற்கான தடயமே அகப்படவில்லை. கிடைக்காத பெயர் என்றால் அரிய பொருளாக இருக்க வேண்டும் என்று நானே முடிவுகட்டி, மறுநாள் அவரிடம் சில ஆயிரம் டாலர் பெறக்கூடும் என்று சொல்லிவிட்டேன். வயதான ஒருவரின் மனத்தில் ஆதாரமில்லாத ஒரு தொகையை விதைத்தது தவறு. தொழிற்சாலையாக இல்லாத ஒன்றைத் தொழிற்சாலைப் பட்டியலில் தேடினால் எப்படிக் கிடைக்கும் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாம் பிழை அதைவிட வருத்தத்துக்குரியது, ஏனெனில் அதைத் திரும்பப் பெற முடியாது. குழல் மடியும் கீலுக்கு அருகே, இரும்புச் சட்டத்தில் இருந்த பழுப்புப் படலத்தைத் துரு என்று எண்ணி, எண்ணெய் தொட்ட மெல்லிய இரும்புப் பஞ்சால் தேய்த்தேன். உள்ளங்கை அகலம் வெள்ளையாகப் பளிச்சிட்ட பிறகுதான், அந்தப் பழுப்பின் ஓரத்தில் நீலமும் வைக்கோல் நிறமும் கலந்து மங்கலாக ஓடிய வரிகளைக் கவனித்தேன். எலும்புக் கரியோடும் மரக் கரியோடும் சேர்த்து இரும்பைச் சூடாக்கி நீரில் அமிழ்த்தி மேற்பரப்பைக் கடினமாக்கும்போது தோன்றும் வண்ணம் அது. பழைய துப்பாக்கி சேகரிப்பவர்கள் முதலில் தேடுவது அந்த வண்ணத்தில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதைத்தான். நான் தேய்த்த இடத்தில் இனி அது வராது. மதிப்பீடு முடியும்வரை மென்துணியால் தூசு துடைத்து, லேசாக எண்ணெய் பூசுவதற்கு மேல் எதுவும் செய்யாதீர்கள். மறுபடியும் கறுப்பு ஏற்றுவது, கட்டைக்கு வார்னிஷ் அடிப்பது, பித்தளைப் பாத்திரம் போலத் துலக்குவது ஆகிய மூன்றும் விலையைக் குறைக்கும்.

விடை கிடைத்தது அருகிலுள்ள நகரத்தின் கண்காட்சித் திடலில் நடந்த ஒரு துப்பாக்கிச் சந்தையில். நீண்ட மேசைகளுக்குப் பின்னால் அமர்ந்திருந்த முதிய சேகரிப்பாளர் ஒருவரிடம் நான் எடுத்த படங்களைக் காட்டினேன். அவர் படத்தில் பெயர் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, பெயரை மூடிவிட்டுப் பார்க்கச் சொன்னார். பிறகு தம் மேசையிலிருந்த நான்கு இரட்டைக் குழல் துப்பாக்கிகளை எடுத்து, வயிற்றுப் பக்கம் மேலே வரும்படி வரிசையாகக் கிடத்தினார். ஒன்றில் ஹெர்மிடேஜ், அடுத்ததில் சென்ட்ரல் ஆர்ம்ஸ், மூன்றாவதில் வாலன்டியர், நான்காவதில் நிக்கர்பாக்கர் என்று எழுதியிருந்தது. விசைக் காப்பு வளையத்தின் வளைவும், அடித்தகட்டில் திருகுகள் அமைந்த இடமும், முன்கைக் கட்டையைப் பிடிக்கும் கொக்கியும், குழலுக்குக் கீழுள்ள கொண்டியின் வெட்டும் நான்கிலும் ஒன்றே. என் படத்திலும் அதுவே. பெயர்தான் ஐந்து, துப்பாக்கி ஒன்று.

அவை எல்லாம் கனெக்டிகட் மாநிலத்தின் நார்விச் நகரில் இயங்கிய கிரசென்ட் ஆயுதத் தொழிற்சாலையில் செய்யப்பட்டவை. நியூயார்க் பிராட்வேயில் கடை வைத்திருந்த ஹெச் அண்ட் டி ஃபோல்சம் என்னும் பெரும் மொத்த வணிக நிறுவனம் அந்தத் தொழிற்சாலையைத் தன் உடைமையாக்கிக்கொண்டு, நாடெங்குமுள்ள இரும்புச் சாமான் வணிகர்கள் கேட்ட பெயரையெல்லாம் பொறித்துக் கொடுத்தது. நாஷ்வில்லின் கிரே அண்ட் டட்லி நிறுவனத்துக்கு ஹெர்மிடேஜ், செயின்ட் லூயிஸின் ஷாப்லி நிறுவனத்துக்கு சென்ட்ரல் ஆர்ம்ஸ், லூயிவில்லின் பெல்க்நாப் நிறுவனத்துக்கு வாலன்டியர் என்று இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட பெயர்கள். நிக்கர்பாக்கர் ஃபோல்சமின் சொந்தப் பெயர்களில் ஒன்று. 1930களின் தொடக்கத்தில் கிரசென்ட் ஸ்டீவன்ஸ் நிறுவனத்தின் கைக்குப் போயிற்று.

நம் வீடுகளில் சீராக வந்த பித்தளைக் குடத்தின் கழுத்தில் பெயர் வெட்டியிருக்குமே, அதை நினைத்துக்கொண்டால் இது உடனே விளங்கும். அந்தப் பெயர் குடத்தைக் கொடுத்தவருடையது, தட்டி அடித்த கன்னாருடையது அன்று. குடம் எந்த ஊர்ப் பட்டறையில் பிறந்தது என்று அறிய அதன் இடுப்பையும் விளிம்பையும்தான் பார்க்க வேண்டும். இந்தத் துப்பாக்கியிலும் அப்படியே. ஒரு மொத்த வணிகருக்குத் தன் பெயரில் பொருள் இருந்தால், விவசாயி பக்கத்து ஊர்க் கடைக்குப் போய் அதே பொருளின் விலையை ஒப்பிட்டுப் பேரம் பேச முடியாது. தொழிற்சாலைக்கோ, தன் சொந்தப் பெயரின் விலை கெடாமல் மலிவான சரக்கை விற்க ஒரு வழி. இரு தரப்புக்கும் வசதியாக அமைந்த ஏற்பாடு, நூறாண்டுகளுக்குப் பிறகு வாரிசுகளைக் குழப்புகிறது.

ரெவ்-ஓ-நாக் என்னும் பெயரையும் அந்தச் சேகரிப்பாளரே அவிழ்த்தார். ஒரு தாளில் அதன் ஆங்கில எழுத்துகளை (REVONOC) எழுதி, கடைசி எழுத்திலிருந்து படிக்கச் சொன்னார். கொனோவர் என்று வந்தது. சிகாகோவின் ஹிப்பர்ட், ஸ்பென்சர், பார்ட்லெட் என்னும் பெரும் இரும்புச் சாமான் மொத்த வணிக நிறுவனத்தின் உயர்பொறுப்பில் இருந்த சார்லஸ் கொனோவரின் பெயரைத் திருப்பிப் போட்டு உருவாக்கிய வணிகப் பெயர் அது. 1855இல் வேர்விட்ட அந்த நிறுவனத்தின் சுத்தியல், உளி முதலியவற்றில் ஓ.வி.பி. என்னும் முத்திரையைப் பார்க்கலாம். ‘எங்களிடம் உள்ளவற்றில் மிகச் சிறந்தது’ என்பதன் சுருக்கம் அது. இன்று அமெரிக்கச் சிற்றூர்களிலும் நாம் காணும் ட்ரூ வேல்யூ என்ற கடைப் பெயரும் முதலில் அவர்களுடையதே. சிகாகோவிலிருந்து இரயில் வழியாக அயோவாவின் கடைத்தெருவுக்கு ஒரு துப்பாக்கி வந்து சேர்ந்தது இயல்பான கதைதான் என்பது அப்போது புரிந்தது.

எல்லாக் கடைப்பெயர்த் துப்பாக்கியும் கிரசென்ட் அல்ல. அந்தச் சந்தையில் அவர் காட்டியவற்றிலிருந்தும், பின்னர் நானே பார்த்தவற்றிலிருந்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். குழல்களைப் பிரித்து, அவற்றின் தட்டையான அடிப்பக்கத்தைப் பார்ப்பதுதான் முதல் வேலை. அங்கே நீள்வட்டத்துக்குள் இ, எல், ஜி என்னும் ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது பெல்ஜியத்தின் லியேஜ் நகரச் சோதனைச் சாலையின் முத்திரை. அந்த நீள்வட்டத்தின் தலையில் கிரீடம் இருந்தால் 1893ஆம் ஆண்டோ அதற்குப் பிறகோ சோதிக்கப்பட்டது என்று கொள்ளலாம். அமெரிக்காவில் அரசுச் சோதனைச் சாலை இருந்ததில்லையாதலால், முத்திரைகள் மண்டிக் கிடந்தால் வெளிநாட்டுச் சரக்கு என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். பெல்ஜியத்திலிருந்து வந்த மலிவு இரட்டைக் குழல்களில் ‘டபிள்யூ ரிச்சர்ட்ஸ்’ போன்ற பெயர்கள் உண்டு. வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் என்னும் புகழ்பெற்ற ஆங்கிலேய நிறுவனத்தை நினைவூட்டுவதற்கென்றே வைத்தவை அவை. அப்பெயரைக் கண்டு இலண்டன் விலை கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

சிகாகோவிலிருந்து அஞ்சல் வழி விற்ற இரு பெரு நிறுவனங்களின் சரக்கைக் கண்டறிவது எளிது. 1872இல் அஞ்சல் வணிகத்தைத் தொடங்கிய மான்ட்கோமரி வார்டின் துப்பாக்கிகளில் வெஸ்டர்ன் ஃபீல்ட் என்றிருக்கும். சியர்ஸ் நிறுவனம் ரேஞ்சர் என்ற பெயரையும், இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜே.சி. ஹிக்கின்ஸ் என்ற பெயரையும், பின்னர் பேஸ்பால் வீரர் டெட் வில்லியம்ஸின் பெயரையும் பயன்படுத்தியது. சியர்ஸின் மாதிரி எண் 101 என்று தொடங்கி ஒரு புள்ளி வந்தால், அதைச் செய்தது மாசசூசெட்ஸின் சிக்கோபி ஃபால்ஸில் இருந்த ஸ்டீவன்ஸ். அந்த இரட்டைக் குழல்கள் ஸ்டீவன்ஸ் தன் பெயரிலேயே விற்ற 311 என்னும் மாதிரியின் உடன்பிறப்புகள். உதிரிப் பாகம் தேடும்போது 311 என்று கேட்டாலே பெரும்பாலும் கிடைத்துவிடும். போருக்குப் பிந்தைய ஸ்டீவன்ஸில் சட்டத்தின் அடியில் சிறு வட்டத்துக்குள் ஓர் ஆங்கில எழுத்து இருந்தால் அது ஆண்டுக் குறி. ஏ என்பது 1949.

வரிசை எண்ணை வைத்து ஆண்டைக் கண்டுபிடித்துவிடலாம் என்று பேரன் தொலைபேசியில் சொன்னான். கிரசென்டின் தொழிற்சாலைப் பதிவேடுகள் மிஞ்சவில்லையாதலால், குழல் கொண்டியில் இருந்த ஐந்து இலக்க எண் எங்களுக்கு எதையும் சொல்லவில்லை. ஆனால் அதே எண் சட்டத்திலும் முன்கைக் கட்டையின் இரும்பிலும் இருந்ததால், மூன்று பாகங்களும் பிறப்பிலேயே ஒன்றானவை என்பது உறுதியாயிற்று. எண்ணே இல்லாத துப்பாக்கி கிடைத்தால் அதை யாரோ அழித்துவிட்டார்கள் என்று அஞ்ச வேண்டியதில்லை. 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வரும்வரை இதைப் போன்ற மலிவு ரவைத் துப்பாக்கிகளுக்கு (ஷாட்கன்) எண் கட்டாயமாக இருக்கவில்லை. சுரண்டிய தடம் இருந்தால்தான் நின்று யோசிக்க வேண்டும், ஏனெனில் எண் அழிக்கப்பட்ட துப்பாக்கியை வைத்திருப்பதே குற்றம்.

இனி பேரன் அதைச் சுடலாமா என்னும் கேள்வி. இங்கேதான் என் வெர்னியருக்கு வேலை வந்தது. குழலின் மேல் ‘ஆர்மரி ஸ்டீல்’ என்று பொறித்திருந்தது. அரசு ஆயுதச் சாலைக்கும் அதற்கும் தொடர்பில்லை, விற்பனைக்காகச் சூட்டிய பெயர் அது. ஆயினும் முறுக்குக் குழல் அன்று, திட எஃகுக் குழல் என்பதை அது காட்டியது. அக்காலத்தில் இரும்புப் பட்டையையும் எஃகுப் பட்டையையும் சேர்த்து முறுக்கி, ஒரு தண்டின் மேல் சுற்றி, அடித்து ஒட்டி டமாஸ்கஸ் குழல் செய்வார்கள். முன்கைக் கட்டை மறைத்திருக்கும் பகுதியில் வெயிலும் கையும் படாததால், அங்கே பார்த்தால் பாம்புச் சட்டை போன்ற அந்த வரிகள் தெரியும். அப்படித் தெரிந்தால், தேர்ந்த கம்மியர் ஒருவர் அளந்து சொல்லாமல் அதில் இன்றைய தோட்டாவைப் போட எண்ணவே கூடாது.

திட எஃகு என்பதால் ஐயம் தீர்ந்துவிடவில்லை. பன்னிரண்டாம் காஜ் என்பது, குழலின் விட்டத்துக்குப் பொருந்தும் ஈய உருண்டைகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை என்னும் பழைய கணக்கு. விட்டம் ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர். எங்கள் துப்பாக்கியின் உள்விட்டம் அதற்குச் சரியாக இருந்தது. ஆனால் தோட்டா அமரும் அறையின் ஆழத்தை அளந்தபோது 66 மில்லிமீட்டருக்குச் சற்றே மேல்தான் வந்தது, அதாவது 2 5/8 அங்குலம். இன்று கடையில் வாங்கும் சாதாரணத் தோட்டா 2 3/4 அங்குலம், 70 மில்லிமீட்டர். இந்த மூன்று மில்லிமீட்டரில் இருக்கும் அபாயத்தை அனுபவசாலிகளே கவனிக்கத் தவறுகிறார்கள். தோட்டாவின் மீது எழுதியிருக்கும் நீளம் சுட்டபின் வாய் விரிந்த நிலையில் உள்ள நீளமாகும். சுடும் முன் மடிந்திருப்பதால் அது குட்டையான அறைக்குள்ளும் இதமாக அமர்ந்துகொள்ளும், துப்பாக்கியும் தடையின்றி மூடிக்கொள்ளும். சுட்ட கணத்தில் விரியும் வாய், அறைக்கு முன்னுள்ள குறுகும் பகுதியில் போய் அடைத்துக்கொள்ள, அழுத்தம் ஏறுகிறது. உள்ளே நுழைகிறது என்பதால் பொருந்துகிறது என்று பொருளன்று. பழைய பதினாறாம் காஜ் துப்பாக்கிகளில் அறை இன்னும் குட்டையாக, 2 9/16 அங்குலமாக இருப்பதுண்டு.

ஒட்டிய தோட்டாவை எடுத்துக்கொடுத்த கம்மியர் மேலும் இரண்டு சோதனைகளைக் காட்டினார். குழல் தொகுதியைக் கொண்டியில் கயிறு கட்டித் தொங்கவிட்டு, மரத்துண்டால் மெல்லத் தட்டினார். இரண்டு குழல்களையும் இணைக்கும் நடுப்பட்டை முழுவதும் ஒட்டியிருந்தால் கோயில் மணி போல ஓசை நீளும். எங்களுடையது விரிசல் விட்ட பானையைத் தட்டியது போல் சட்டென்று நின்றுவிட்டது. வாய்ப் பக்கத்திலிருந்து ஒரு சாண் தொலைவுக்குப் பட்டை விட்டுப்போயிருந்தது. பிறகு குழலை மாட்டி, முன்கைக் கட்டையை மட்டும் கழற்றி வைத்து, விளக்குக்கு நேரே பிடித்தார். குழலின் பின்முகத்துக்கும் சட்டத்துக்கும் இடையில் ஒரு மயிரிழை வெளிச்சம் தெரிந்தது. அசைத்தபோது மெல்லிய ஆட்டமும் இருந்தது. புதிய துப்பாக்கியில் நடுவிலிருந்து சற்று வலப்புறம் நிற்க வேண்டிய மேல் நெம்பு, இதில் நடுவைத் தாண்டி இடப்புறம் சாய்ந்திருந்ததும் அதே தேய்மானத்தின் அடையாளம். இவற்றைச் சரிசெய்யலாம், ஆனால் கூலி துப்பாக்கியின் விலையைப் போல் பல மடங்காகும் என்றார். கட்டையின் கழுத்தில் செப்புக் கம்பி சுற்றிய பழைய விரிசல் வேறு இருந்தது.

விலைக்கு வருவோம். இதில் நான் செய்த முதல் தவறு, விற்பவர்கள் இணையத்தில் கேட்கும் விலையைப் பார்த்தது. ஒருவர் இதே போன்ற துப்பாக்கிக்கு 600 டாலர் கேட்டிருந்தார். அது அங்கேயே மாதக்கணக்கில் விற்காமல் கிடந்தது. ஏலத் தளங்களில் முடிந்துபோன ஏலங்களை மட்டும் பிரித்துப் பார்க்கும் வசதி உண்டு. அதில் நான் கண்ட கிரசென்ட் வெளிக்குதிரைத் துப்பாக்கிகள், நிலைமைக்கு ஏற்ப, 80 டாலரிலிருந்து 200 டாலருக்குள் கைமாறியிருந்தன. ஓர் அடகுக் கடையில் 40 டாலர் தருவதாகச் சொன்னார்கள். கடைக்காரர் தன் இலாபத்தை வைத்துத்தான் வாங்குவார் என்பதால் அந்தத் தொகையை மதிப்பாகக் கொள்ளக் கூடாது. பழமையே விலை என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். இலட்சக்கணக்கில் செய்து விற்ற பொருள் எத்தனை ஆண்டு கழிந்தாலும் அரிதாகிவிடாது. பார்க்கர், எல்.சி. ஸ்மித் போன்ற உயர்தரப் பெயர்களுக்குப் பொருந்தும் கணக்கு இதற்குப் பொருந்தாது. குழலின் மூலக் கறுப்பு எத்தனை பங்கு இருக்கிறது, சட்டத்தின் வண்ணம் மிஞ்சியிருக்கிறதா, கட்டை உடையாமல் இருக்கிறதா, உட்புறம் அரிப்பின்றி மின்னுகிறதா என்னும் நான்கும்தான் இந்தத் தரத்தில் விலையைத் தீர்மானிக்கின்றன. வாய் அறுக்கப்பட்டிருந்தால் விலை மேலும் விழும். எங்களுடையதில் நீளம் முழு 30 அங்குலமும், வாயில் குறுக்கமும் அப்படியே இருந்தன. எங்கேனும் 18 அங்குலத்துக்குக் குறைவாக அறுத்த குழலைக் கண்டால், அதை எங்கும் எடுத்துச் செல்லாமல் முதலில் ஒரு வழக்கறிஞரிடம் பேசுங்கள். 1934இலிருந்து பதிவில்லாமல் அதை வைத்திருப்பது கடுமையான கூட்டாட்சிக் குற்றம்.

சட்டத்தைப் பற்றி நம்மவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் இந்நாட்டுக் குடியுரிமை பெற்றவன். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள், வேட்டை உரிமம் வைத்திருத்தல் போன்ற சில விதிவிலக்குகள் பொருந்தினாலன்றி, துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. அண்டை வீட்டாருக்கு உதவுகிறோம் என்ற நல்லெண்ணத்தில் ஒரு வாரம் நம் வீட்டில் வைத்துக்கொண்டால்கூட அது நம் எதிர்காலத்தையே கெடுக்கும் செயலாகிவிடக்கூடும். படம் எடுத்து உதவுங்கள், பொருளை ஏற்காதீர்கள். பேரன் வேறு மாநிலத்தவன் என்பதால், பாட்டி உயிரோடு இருக்கும்போது அன்பளிப்பாகக் கொடுப்பதானால் உரிமம் பெற்ற வணிகர் வழியாகத்தான் கொடுக்க முடியும். உயிலின் மூலம் போனால் அந்தக் கட்டாயம் இல்லை. 1898ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ செய்யப்பட்டது என்று நிறுவ முடிந்தால் சட்டம் அதைத் தொல்பொருளாகக் கருதி விலக்களிக்கும். எங்களால் அதை நிறுவ முடியவில்லை. தோற்றத்தை வைத்து ஊகித்து அந்த விலக்கைக் கோருவது நேர்மையாகாது என்று வணிகர் வழியையே தேர்ந்தோம்.

எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு மூதாட்டியைப் பார்க்கப் போனேன். சில ஆயிரம் என்று முன்பு நான் சொன்னது பிழை என்றும், சந்தையில் 100 டாலர் அளவுக்குத்தான் பெறும் என்றும், அதைச் சுடக் கூடாது என்றும் சொன்னேன். சொல்லும்போது எனக்குத்தான் குரல் இறங்கியது. அவர் முகத்தில் ஏமாற்றத்தைத் தேடினேன், காணவில்லை. தந்தை அதைக் கடையில் வாங்கவில்லை என்றும், விவசாயம் நலிந்திருந்த ஓராண்டில் பக்கத்துப் பண்ணைக்காரரிடம் ஒரு கன்றுக்குட்டியைக் கொடுத்துவிட்டு இதை வாங்கி வந்ததாக அம்மா கடைசிவரை குறைப்பட்டுக்கொண்டார் என்றும் சொன்னார். கழுத்தில் சுற்றிய செப்புக் கம்பியை விரலால் தடவி, இது அப்பா சுற்றியது, வேலிக்கம்பி முறுக்கும் குறட்டால் முறுக்கினார் என்றார். அந்த முடிச்சை நான் அளந்திருந்தேன், படம் எடுத்திருந்தேன். யாருடைய கை என்று கேட்கத் தோன்றியதே இல்லை.

விற்கும் எண்ணத்தை அவர் விட்டுவிட்டார். கம்மியர் அடிக்கும் ஊசிகளைக் கழற்றி ஒரு சிறு உறையிலிட்டுக் கொடுத்தார். நான் ஒரு தடித்த அட்டையில், மையால், பேரன் படிக்கும்படி இப்படி எழுதினேன்: நார்விச் நகர கிரசென்ட் தொழிற்சாலையில் செய்தது, சிகாகோவின் ஹிப்பர்ட் நிறுவனத்துக்காகப் பெயர் பொறித்தது, பன்னிரண்டாம் காஜ், அறை 2 5/8 அங்குலம், நடுப்பட்டை விட்டிருக்கிறது, சுடக் கூடாது, ஊசிகள் உறையில் உள்ளன. அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இருமுறை படித்தார். பிறகு அட்டையை என்னிடம் திருப்பிக் கொடுத்து, கீழே இன்னும் ஒரு வரிக்கு இடம் இருக்கிறதே என்றார். ஒரு கன்றுக்குட்டிக்கு மாற்றாக வாங்கியது என்று அவர் சொல்லச் சொல்ல எழுதி, அட்டையைச் சணல் கயிற்றால் விசைக் காப்பு வளையத்தில் கட்டிக் கொடுத்தேன்.